பத்தரை மணி வானம்

பிப்ரவரி 1

இன்று முதல் நான் வானக் கண்காணிப்பாளன். சம்பளம் கிடையாது. நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தருவதாகச் சொல்லவே இல்லை என்பது வேறு விஷயம்.

என் அக்காள் மகள் உலகம்மாள் வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் அசையாமல் நின்று அரை மணிக்கு ஒரு படம் அனுப்புகிறதாம். அதைப் பார்ப்பதுதான் அவள் வேலை. கருமேகம், பஞ்சு மேகமெல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். மெல்லிய மேகம்தான் தகராறு. விமானம் போகிற உயரத்தில், பனித்தூளாக, மல் வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி கிடக்குமே, அது. கீழேயிருந்து கிளம்புகிற சூடு அதைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடுவதால் படத்தில் மேகம் இருப்பதே தெரியாது. ஆனால் கடலை மட்டும் கொஞ்சம் குளிர்ந்த மாதிரிக் காட்டிவிடும். கடல் சூட்டை வைத்துத்தான் மீன் எங்கே கிடக்கும் என்று படகுக்காரர்களுக்குச் சொல்லியனுப்புகிறார்கள். மேகம் ஏமாற்றினால் வலை காலியாகத் திரும்பும். இந்தக் கள்ள மேகத்தைப் பிடிக்க உலகு ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறாள். அது சரிதானா என்று பார்க்க, கீழே நின்று நிஜ வானத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நாடு முழுக்கச் சலித்து, கடைசியில் முள்ளக்காடு உப்பளத்து மேஸ்திரி தவசிமுத்துவைப் பிடித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியது அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

தினமும் காலை பத்தரைக்கு வானத்தைப் பார்த்து, அச்சடித்த பதிவேட்டில் டிக் போட வேண்டும். மூன்று கட்டம்: அடர்த்தி, மெல்லிசு, இல்லை. ஆறு மாதம் முடிந்ததும் பதிவேடு நேராக அவளுடைய மேலதிகாரி ஆப்தேக்குப் போகும். அதுவரை உலகு அதைக் கண்ணால் பார்க்கக்கூடாதாம். சொந்தக்காரர்கள் சேர்ந்து தில்லுமுல்லு செய்துவிடக்கூடாதே. என்னைப் பார்த்து இப்படி ஒரு விதி. போகட்டும். செப்டம்பரோடு அவள் வேலை முடிகிறது. முறை சரியென்று ஆனால் இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பார்கள். அவளுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 2

வானம் புளி போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி. உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் ஏறி நின்று நாலு திசையும் பார்த்தேன். பதிவேட்டைத் திறந்ததும் கோபம் வந்தது. 'இல்லை' என்று ஒரு கட்டமாம்.

முப்பத்தொரு வருடமாக உப்பில் நிற்கிறவன் நான். வீட்டில் உப்பு ஜாடி காலியானால் "உப்பு நிறைஞ்சிருக்கு, வாங்கணும்" என்றுதான் சொல்வோம். அளத்தில் அம்பாரம் முழுக்க லாரி ஏறிப்போய் வெறும் மேடாகக் கிடந்தாலும், இருப்புப் பலகையில் 'கொஞ்சம்' என்று எழுதுவேனே தவிர மற்றதை என் கை எழுதாது. எழுதின அளம் எதுவும் விளங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. புது நோட்டில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, இரண்டாம் நாளே அந்தக் கட்டத்தில் டிக் போடச் சொல்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் வீட்டில் பெரியவர்கள் கிடையாதா?

மெல்லிசில் போட்டேன். மெல்லிசு என்றால் கொஞ்சம்தானே. கொஞ்சம் என்றால் என்னவென்று தெரிந்தவனுக்குத் தெரியும். அவ்வளவுகூடப் புரியாதவர்களா செயற்கைக்கோள் விட்டிருப்பார்கள்?

பிப்ரவரி 9

எவர்சில்வர். மெல்லிசில் டிக். மூன்றாம் வரிசைப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சினோம். பல் வலி.

பிப்ரவரி 20

இன்று நிஜமான மெல்லிசு. சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தது. கட்டைவிரலால் சூரியனை மறைத்துக்கொண்டு பார்த்தால், விரலைச் சுற்றி வெள்ளிக் கம்பி வளையம் போட்ட மாதிரி தெரியும். பாத்தித் தண்ணீரில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பாலாடை படிந்த மாதிரி இருக்கும். தலையைத் தூக்கி வானம் பார்க்கிறவன் ஊருக்குப் புதியவன். அளத்துக்காரன் குனிந்துதான் வானம் பார்ப்பான்.

வானம் பார்ப்பதில் என் பெயர் தூத்துக்குடி வரைக்கும் தெரியும். ஒருமுறை கலெக்டரே வண்டியை நிறுத்தி இறங்கி, கை கொடுத்து, "மிஸ்டர் தவசிமுத்து, மழை வருமா?" என்று கேட்டார். மூன்றே முக்கால் மணிக்கு வரும் என்றேன். வந்தது.

பிப்ரவரி 29

நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற தேதி. அதையும் விடாமல் டிக் போட்டேன். இன்றைக்கும் எவர்சில்வர். காஸ் சிலிண்டர்க்காரன் வரவில்லை. என் வீட்டுக்காரி சொர்ணத்தாய் என்னைத் திட்டுகிறாள், நான் ஏதோ சிலிண்டர் கம்பெனி வைத்திருக்கிற மாதிரி.

மார்ச் 17

அளத்தில் உப்பு வாருகிற பிச்சம்மாளுக்கு வாய் நீளம். நான் தட்டுமேட்டில் நின்றதும், "மேஸ்திரி, மேல யாரத் தேடுதிய? சொர்ணக்கா கீழதான இருக்காவ" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நாட்டுக்காகச் செய்கிற வேலைக்கு இதுதான் மரியாதை. அவளைக் கடைசிப் பாத்திக்கு மாற்றலாமென்று இருந்தேன். ஆனால் அவளைப் போல் சேறு கலக்காமல் உப்பு வார அளத்தில் வேறு ஆள் கிடையாது.

வானம் மெல்லிசு, நிஜமாகவே. மேற்கே குதிரைவால் மாதிரி நீட்டு நீட்டாக.

ஏப்ரல் 11

வட்டம் கட்டியிருந்தது. பாத்தியெல்லாம் உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்ததால் தண்ணீரில் பார்க்க வழியில்லை. கட்டைவிரல் வைத்துத்தான் பார்த்தேன். கண் கூசிவிட்டது. நாளை வார வேண்டும்.

உலகு போன் செய்தாள். பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, விதியாம். மாமா பல்லைப் பிடுங்கியாச்சா என்று கேட்டாள். இரண்டு ஆள் பிடித்து இழுத்தார்கள், நான் மூச்சு விடவில்லை என்றேன். அவள் அப்பன் இருக்கிறானே, என் மச்சான், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஜென்மம். அவனுக்குப் பிறந்து இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு மூளை என்றால் அது எங்கள் வீட்டு வழியாகத்தான் வந்திருக்கும்.

ஏப்ரல் 12

உப்பு வாரினோம். எவர்சில்வர்.

மே 19

சாத்தான்குளத்தில் சொர்ணத்தின் தம்பி மகளுக்குக் கல்யாணம். மூன்று நாள் அங்கே இருக்க வேண்டும். பதிவேட்டைக் கல்யாண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டா போக முடியும்? மூன்று நாளுக்கும் இன்றே மெல்லிசு போட்டுவிட்டேன். முப்பத்தொரு வருடம் பார்த்த வானம் மூன்று நாளில் என்ன செய்துவிடும்?

மே 22

திரும்பி வந்தோம். பந்தியில் பாயசம் எனக்கு வரும்போது தீர்ந்துபோனது. வேண்டுமென்றே செய்ததுதான்.

ஜூன் 8

மெல்லிசு, வட்டத்தோடு. நாளை வார வேண்டும். நடு அளம் முழுக்க இவ்வளவு வெள்ளையாக நான் பார்த்ததில்லை. சர்க்கரைக் கிடங்கு மாதிரி கிடக்கிறது.

ஜூலை 31

நூற்று எண்பத்திரண்டு நாள். ஒரு நாள் விடவில்லை. காய்ச்சலிலும் போட்டேன், கால் சுளுக்கிலும் போட்டேன். பதிவேட்டை மஞ்சள் துணியில் சுற்றி, ரெஜிஸ்டர் தபாலில் ஆப்தேக்கு அனுப்பினேன். தபால் ஆபீஸ் பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். வானம் என்றேன். அவள் எடை போட்டாள்.

ஆகஸ்ட் 14

உலகு போன் செய்தாள். குரலே சரியில்லை.

அவள் முறை தோற்றுவிட்டதாம். நான் மெல்லிசு என்று போட்டது நூற்று முப்பத்தைந்து நாள். அதில் அவள் முறை பிடித்தது ஐம்பத்தொன்பது. மீதி எழுபத்தாறு நாளும் வானம் காலி என்று சொல்லியிருக்கிறது. பாதி மேகத்தைக்கூடப் பிடிக்காத முறை எதற்கு என்று ஆப்தே கேட்டுவிட்டாராம். இருபத்தெட்டாம் தேதி கூட்டம். அன்றைக்கு முடிவு.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவ்வளவு உயரத்தில் ஒரு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு உப்பளத்து மேலே மேகம் இருக்கிறதா என்று தெரியவில்லையாம். தெரியாததற்கு என் மருமகள் தலையை உருட்டுகிறார்களாம். செயற்கைக்கோளை மாற்றச் சொல் என்றேன். போனை வைக்கும்போது, "ஒங்க கண்ணு தப்பாது மாமா, நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 15

சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஆகஸ்ட் 16

வெயில்தான். சொர்ணம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். வெயில் என்றால் வெயில்.

ஆகஸ்ட் 17

உலகு ரயிலேறி நேரில் வந்துவிட்டாள். வந்ததும் காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. ஆப்தே பதிவேட்டின் நகலைக் கொடுத்திருக்கிறார். பையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீய. நூத்தி எம்பத்திரெண்டு நாள்ல ஒரு நாள்கூடவா வானம் வெறிச்சுனு கெடக்கல?"

வானம் எப்படி வெறிச்சென்று கிடக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். காற்று இருக்கிறது, பருந்து இருக்கிறது, அதற்கு மேலே சாமி இருக்கிறது. இப்படி நாலு பேச்சுப் பேசிச் சமாளித்திருப்பேன். அதற்குள் அடுக்களையிலிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது.

"உப்பு தீந்தா நெறஞ்சிருக்குன்னு சொல்லுத மனுசன். வானம் காலின்னு கைய நீட்டி எழுதிருவாவளாக்கும்?"

உலகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்போ அந்த மெல்லிசு எல்லாம்…"

"எல்லாம்னு சொல்லாத," என்றேன். "பாதிக்கு மேல நெசமாவே மெல்லிசு."

"எது எது மாமா?"

நகலைப் புரட்டினேன். எல்லா டிக்கும் ஒரே மாதிரி இருந்தது.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்துவதில் என்னை ஜெயிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவள் கத்தவில்லை. பதிவேட்டின் பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் சரியாக இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தாள். "மூணு வருசம் மாமா" என்றாள். அவ்வளவுதான்.

நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். இதில் என் தப்பு என்ன? மூன்று கட்டம் அச்சடித்தவன், உப்பளத்து ஆள் எழுதப் போகிறான் என்று தெரிந்து, ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? 'வெளிச்சம்' என்று போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பான்? 'துடைத்தது' என்று போட்டிருக்கலாம். நூறு வார்த்தை இருக்கிறது தமிழில். ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள்.

ஆகஸ்ட் 18

சொர்ணம்தான் காட்டிக்கொடுத்தாள். காலையில் தோசை போட்டுக்கொண்டே, "தெனமும் டைரி எழுதுவாவளே, அதுல பாரு" என்றிருக்கிறாள். உலகு நேராக என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

ஒரு மனுஷனின் டைரி என்பது அவன் துணியில்லாமல் நிற்கிற இடம். இதில் அவள் அப்பனைப் பற்றி எழுதியிருக்கிறேன். சொர்ணத்தின் ரசத்தைப் பற்றி ஏழெட்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். தர முடியாது என்றேன். எரித்துவிடுவேன் என்றும் சொன்னேன். உலகு கையை இறக்கவில்லை. கடைசியில் நான் வாசிப்பது, அவள் எழுதிக்கொள்வது என்று ஒப்பந்தம் ஆனது.

தேதி தேதியாக வானத்தை மட்டும் வாசித்தேன். எவர்சில்வர் என்றால் காலி. வட்டம், குதிரைவால், பாலாடை என்றால் மெல்லிசு. அவள் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். பிப்ரவரி இருபதாம் தேதிக்கு வந்தபோது எட்டிப் பார்த்துவிட்டாள்.

"கலெக்டர் கை குடுத்தாரா?"

டைரியை மூடப் போனேன்.

"மாமா, இது நெசமான்னு தெரிஞ்சாத்தான் பக்கத்துல இருக்க வட்டம் நெசமான்னு நான் நம்ப முடியும்."

"கலெக்டர் இல்ல," என்றேன். "அவரு டிரைவரு. டீக்கடையில."

"மழை வந்துச்சா?"

"மறுநாள் வந்துச்சு."

சொர்ணம் அடுக்களையில் எதையோ கீழே போட்டாள். சிரிப்பை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. முப்பது வருடமாக அந்தக் கலெக்டரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள், ஒரு நாள் கேட்டதில்லை.

உலகுவுக்கு விளக்கினேன். மனுஷர்களைப் பற்றி நான் கூட்டித்தான் சொல்வேன். கூட்டாவிட்டால் அவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பல்லைப் பற்றியும் கூட்டியிருப்பேன். ஆனால் எனக்கென்று எழுதிக்கொள்கிற டைரியில் வானத்தைக் கூட்டியதும் குறைத்ததும் கிடையாது. அதைக் கூட்டினால் வாராத உப்பு மழையில் கரைந்துபோகும். பதிவேட்டில் போட்டது பொய் இல்லை, மரியாதை. டைரியில் இருப்பது வானம். இந்த வித்தியாசம் அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் போன மூன்று நாளையும் வாசிக்க வேண்டியிருந்தது. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

நண்பகலுக்குள் முடிந்தது. நூற்று முப்பத்தைந்தில் ஐம்பது நாள் வானம் காலி. அறுபத்தொரு நாள் நிஜ மெல்லிசு. மீதி இருபத்துநாலு நாளைப் பற்றி டைரியில் வார்த்தையில்லை. அதைத் தள்ளிவிட வேண்டியதுதான் என்றாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து தன் முறை சொன்னதோடு ஒப்பிட ஆரம்பித்தாள். முகம் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது. காலி நாளில் இரண்டே இரண்டைத்தான் மேகம் என்று சொல்லியிருந்தது. அறுபத்தொன்றில் ஐம்பத்திரண்டைப் பிடித்திருந்தது.

"ஒன்பதுதான் தப்பிருக்கு," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அந்த ஒன்பது நாளும் நிச்சயமாத் தெரியுமா மாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒங்களுக்குச் சந்தேகமா இருந்தா… தள்ளிப்புடலாம்."

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் முறை பழுதே இல்லாத முறை ஆகிவிடும். வாழ்நாள் முழுக்க ஒருத்தருக்கும் பிரயோஜனமில்லாமல் நான் சொன்ன பொய்யெல்லாம் இருக்கிறதே, அதில் ஒன்று இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு உதவியிருக்கும். வாய் திறந்தேன். வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. வேண்டாத நேரத்திலெல்லாம் ஊற்றெடுக்கிற வாய், வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொண்டது.

"தெரியும்," என்றேன். "ஒன்பது நாளும் கட்டவெரலு வச்சுப் பாத்தேன். வட்டம் இருந்துச்சு."

அவள் ஒன்பது நாளுக்கும் நேராக எழுதினாள். எழுதி முடித்துப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மோர் கரைத்து எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள்.

ஆகஸ்ட் 19

காலையில் டைரியை நானே அவள் கையில் கொடுத்துவிட்டேன். ஒன்பது நாளை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்கு வாசித்துக் காட்ட எனக்குத் தொண்டை சரியில்லை. ரசத்தைப் பற்றி எழுதிய பக்கத்தில் நின்று சிரித்தாள். அவள் அப்பனைப் பற்றி எழுதிய பக்கத்தில் சிரிக்கவில்லை. ஆனால் "ஊசிக்கு மயங்குறது நெசந்தான்" என்றாள்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இந்த ஒன்பதுல ஏழு எடத்துல 'நாளை வார வேண்டும்'னு எழுதியிருக்கு. மத்த ரெண்டு நாள் பாத்தி எப்படிக் கெடந்துச்சு?"

யோசித்தேன். அதற்கு டைரி வேண்டாம். "வெள்ளையாத்தான் கெடந்துச்சு. ரெண்டு தடவையும் லாரி வரலேன்னு வாராமப் போட்டிருந்தோம்."

"அளம் முழுக்கவா?"

"முழுக்க. கடல் வரைக்கும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முறைக்கு இரண்டு சாட்சி வேண்டுமாம். ஒன்று சூடு: இரண்டு விதமான சூட்டுப் படத்தை ஒப்பிட்டால் பனித்தூள் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று வெளிச்சம்: மேகம் வந்தால் கீழே உள்ள நிலம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெளுத்துத் தெரிய வேண்டும். கறுத்த மண்ணிலும் கடலிலும் அது தெரியும். ஏற்கெனவே சர்க்கரைக் கிடங்காகக் கிடக்கிற அளத்தின் மேலே மல் வேட்டியை விரித்தால் என்ன தெரியும்? சூட்டுச் சாட்சி ஒன்பது நாளும் மேகம் என்றுதான் சொல்லியிருக்கிறது. வெளிச்சச் சாட்சி ஒத்துவராததால் முறை தள்ளிவிட்டது. வெளுத்த நிலத்தில் மட்டும் சூட்டை நம்பச் சொல்லிவிட்டால் போதும் என்றாள். அந்த ஒன்பதைத் தள்ளியிருந்தால் இது தெரியவே வந்திருக்காது என்று சொல்லிவிட்டு, நேற்றுக் கேட்டதற்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டாள்.

நான் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன். ஆனால் தன் பங்குக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். நடந்ததையெல்லாம் என் கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் போட்டுத் தர வேண்டுமாம். ஐம்பது நாள் காலி வானத்தை மெல்லிசு என்று எழுதினேன். மூன்று நாள் பார்க்காமலே எழுதினேன். அந்தத் தாளை நாலு முறை கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். சாத்தான்குளத்துக் கல்யாணத்தை 'தவிர்க்க முடியாத அலுவல்' என்று போட்டேன். அவள் அதை அடித்து 'கல்யாணம்' என்று எழுத வைத்தாள்.

ஆகஸ்ட் 28

கூட்டத்திலிருந்தபடியே ஆப்தே என்னோடு பேச வேண்டும் என்றாராம். உலகு போனில் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. ஒருமுறை மாற்றி எழுதிய ஆள், இப்போது சொல்வதை எப்படி நம்புவது?

பிறந்ததிலிருந்து என்னை ஒருவன் இப்படிக் கேட்டதில்லை. தூத்துக்குடியில் என் பெயர் என்ன, முப்பத்தொரு வருடம் என்ன என்று ஆரம்பிக்கத்தான் போனேன். போனில் உலகு மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நம்பவேண்டாம்னு சொல்லு," என்றேன். "முறைய மறுபடியும் சோதிக்கட்டும். எம்பக்கத்துல இன்னொரு ஆள நிறுத்தட்டும். ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுதோம். ஒத்து வந்தா எடுத்துக்கிடட்டும்."

உலகு மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 6

ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். மூன்று வருடம் தர வேண்டிய இடத்தில் ஆறு மாதம், என்ன பிச்சையா என்று கேட்டேன். உலகு போனில் அழுதுகொண்டே சிரித்தாள். திருத்திய முறையை இன்னொரு சீசனில் பார்த்துவிட்டு மீதியைப் பேசலாமாம். இரண்டு பார்வையாளர் வேண்டுமாம். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புதுப் பதிவேட்டில் மூன்றாவது கட்டத்துக்கு வெறும் எண் போட்டிருக்கிறார்களாம். நல்ல புத்தி வந்திருக்கிறது.

இரண்டாவது ஆளுக்கு விதி இருக்கிறது. என் கீழே வேலை செய்கிறவராக இருக்கக்கூடாது. பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். எனக்குப் பயப்படாத ஆளாக இருக்க வேண்டும் என்று ஆப்தே தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

இந்த விதி வருகிற வரைக்கும் பிச்சம்மாளைச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அதைவிட மோசம்.

செப்டம்பர் 10

சொர்ணத்தாய் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என்னைவிட இரண்டு வகுப்பு மேலே. இதை அவள் முப்பது வருடத்தில் சொல்லிக்காட்டியதில்லை. இன்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் 'கல்வித்தகுதி' என்ற இடத்தில் எழுதிக் காட்டிவிட்டாள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பார்வையாளர் ஒன்று என்று அவள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நான் இரண்டு. இதைப் பற்றி உலகுவுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுத இருக்கிறேன்.

செப்டம்பர் 12

பத்து இருபதுக்கே தட்டுமேட்டுக்குப் போனோம். சொர்ணம் குடையை ஊன்றிக்கொண்டு ஏறினாள். கட்டைவிரல் வைத்துப் பார்க்கிற முறையைச் சொல்லித் தரட்டுமா என்றேன். வேண்டாம், எனக்குக் கண்ணு இருக்கு என்றாள். பார்க்கும்போது பேசக்கூடாது என்பது விதி. அதை அவள் அனுபவித்துக் கடைப்பிடித்தாள்.

வானம் நீலம். ஆனால் தெற்கே கடலுக்கு மேலே ஒரு கோடு, தலைமுடி விழுந்த மாதிரி. மேகமா, விமானம் போன தடமா, அல்லது என் கண்ணிலேயே ஏதாவது விழுந்துவிட்டதா? மூன்று முறை பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு டிக் போட நான் இவ்வளவு நேரம் நின்றதில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்ததைப் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் சொர்ணம் எப்போதோ எழுதி முடித்திருந்தாள். பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்துவிடாமல் மறைக்கிற மாதிரி இடது கையைப் பதிவேட்டின் மேல் வைத்திருந்தாள்.

என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஆறு மாசம் கழிச்சுத் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.